உரியாத கிளி

எங்கள் மைத் தொழிற்சாலையிலிருந்து அந்த வருஷம் இரண்டு பேரை வெளியே அனுப்பினார்கள். ரங்கராஜனை மேற்கு ஜெர்மனிக்கு. என்னைக் கடலூருக்கு.

ரங்கராஜன் அங்கிருந்து வாராவாரம் படத் தபால் அட்டை போட்டான். ஒன்றில் மாதா கோயில், ஒன்றில் பனி, ஒன்றில் பனி மூடிய மாதா கோயில். எல்லாவற்றையும் ஆபீசில் பலகையில் குத்தி வைத்து, போகும்போதும் வரும்போதும் நின்று பார்த்தார்கள். நான் திரும்பி வந்தபோது, “என்ன, ஊரில் வெயிலா?” என்று கூட ஒருவரும் கேட்கவில்லை. கேட்காதவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

அச்சு மை என்றால் பலருக்குக் காகிதம்தான் நினைவு வரும். காகிதம் சாது. எதைத் தடவினாலும் குடித்துக்கொள்ளும். எங்களுக்குச் சோறு போடுவது காகிதம் அல்ல. தகர டப்பா, சிகரெட் பெட்டியின் பளபளப்பு, மருந்துச் சீசாவின் மூடி, இப்படிப்பட்ட பிடிவாதக்காரப் பொருள்கள். அவற்றையெல்லாம் ஒருவாறு வழிக்குக் கொண்டுவந்திருந்தோம். அப்போதுதான் பாலித்தீன் வந்தது. அதன் மேல் மை நிற்கவே நிற்காது. தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாமல் நிற்கும் அழகைக் கவிகள் பாடியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூட மைத் தொழிலில் இருந்ததில்லை என்பது தெரிகிறது.

பண்ருட்டி முந்திரி வியாபாரி ஒருவருக்குக் கிளி மார்க் போட்டுப் பைகள் அச்சடிக்க நாங்கள் மை கொடுத்தோம். பச்சைக் கிளி, சிவப்பு மூக்கு. பைகள் டில்லி போய்ச் சேர்ந்தபோது எந்தப் பையிலும் கிளி இல்லை. அவை வந்த அட்டைப் பெட்டியின் உட்புறத்தில் ஏராளமான கிளிகள் இருந்தன. அந்த மையைத் தயாரித்தவன் நான். அதன் பிறகு வருஷக் கணக்காக, மையை ஒட்ட வைக்கும் ரெசினை மாற்றினேன், ஸ்பிரிட்டை மாற்றினேன், மெழுகைக் கூட்டினேன், குறைத்தேன். கிளி பறந்துகொண்டேதான் இருந்தது.

ஒருநாள் மானேஜர் என்னைக் கூப்பிட்டு மேஜை மேல் ஒரு பையைப் போட்டார். அதே முந்திரி, அதே கிளி. எங்கள் தொழிலில் இதற்கு ஒரு பரீட்சை உண்டு. அச்சின் மேல் செல்லோ டேப்பை அழுத்தி ஒட்டிச் சடாரென்று உரிப்பது. மானேஜர் என் கண் முன்னால் உரித்தார். டேப் சுத்தமாக வந்தது. கிளி என்னைப் பார்த்தபடி பையிலேயே இருந்தது.

“அச்சடிச்சது கடலூர்ல யாரோ கமாலுதீனாம். தெரியுமா உமக்கு?”

தெரியும். சிதம்பரத்தில் கல்லூரியில் ஒரே பெஞ்சு. ரசாயனத்தில் நான் மெடல் வாங்கினேன். அவன் குடுவைகளை உடைத்து அபராதம் கட்டினான். என் ரிக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதும்போதுகூடத் தப்பாக எழுதியவன்.

“அந்த மையைக் கொண்டு வாரும்,” என்றார் மானேஜர். “மை கிடைக்காட்டி ஆளைக் கொண்டு வாரும். வந்தா லேபரட்டரிக்கு அவரே தலைவர்னு நான் சொன்னதாச் சொல்லும்.”

இந்த இடத்தில் எங்கள் லேபரட்டரியின் ஜன்னலைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருப்பது ஒன்றே ஒன்று. நாள் முழுவதும் மை கரைக்கும் சால்வெண்ட் வாடையில் தலை கிறுகிறுக்கும் அந்த அறையில், அதை ஒட்டிய மேஜைக்கு மட்டும் கடல் காற்று வரும். இளையவனாகச் சேர்ந்து, உள்மூலையில் வருஷங்களைத் தள்ளி, முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக ரிடையர் ஆன பிறகு அந்த மேஜை என்னிடம் வந்திருந்தது. புதிதாகத் தலைவர் ஒருவர் வந்தால் முதலில் எதன் மேல் கண் வைப்பார் என்று யோசித்துக்கொண்டே ரயில் ஏறினேன். மையோடுதான் திரும்புவது, ஆளோடு அல்ல என்பது எழும்பூரிலேயே முடிவாகிவிட்டது.

திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் பெயர்ப் பலகையின் இந்தி எழுத்துக்களைத் தார் பூசி அழித்திருந்தார்கள். அரசியல் எனக்குத் தெரியாது. இரும்பின் எனாமல் பூச்சு மேல் அந்தத் தார் வெயில் மழை எல்லாம் தாங்கி ஒரு பொருக்குக்கூட உதிராமல் நின்றதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். யாரோ ஒரு பையன், ராத்திரி அவசரத்தில், துடைப்பத்தால் பூசியிருப்பான். அவனுக்குக்கூட ஒட்டுகிறது.

“என்னாடா வேதா, போர்டுல என்னாத்த தேடுற? மண்ட முச்சூடும் வழுக்கையாயிடுச்சே உனுக்கு.”

திரும்பினால் கமால். வருகிறேன் என்று நான் போட்ட கடிதத்தைப் பார்த்து வந்திருந்தான். தலை நிறைய முடி. பின்னால் ஒரு ஹில்மன் கார். இரண்டில் எது என்னை அதிகம் வருத்தியது என்று இப்போதும் என்னால் சொல்ல முடியவில்லை.

கார் கடைத்தெரு வழியாக ஊர்ந்தது. ஊரே அவனுக்கு உறவு போலிருந்தது. பாத்திரக் கடைக்காரர் எழுந்து நின்று, “வாங்க மாப்ள” என்றார். ஜட்காக்காரன் குதிரையை ஒதுக்கி, “போங்க மாப்ள” என்றான். தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் சலாம் சொல்லி, “மாப்ள, மாமாகிட்ட நான் விசாரிச்சேன்னு சொல்லுங்க” என்றார். சென்னையில் என் தெருவில் பத்து வருஷமாகக் குடியிருக்கிறேன். பால்காரர் என்னை ‘மாடி வீடு’ என்பார்.

வீடு என்றால் அப்படி ஒரு வீடு. மாமனார் பினாங்கில் கடை வைத்துச் சம்பாதித்துக் கட்டியது. தேக்குத் தூண்கள், வழுக்கும் தரை. கண்ணாடி அலமாரியில் சீனப் பீங்கான். இடியாப்பமும் கறிக்குழம்பும் வந்தன. திரைக்குப் பின்னாலிருந்து கமாலின் மனைவி மைமூனின் குரல் என் இலையைக் கண்காணித்தது.

“அண்ணனுக்கு இன்னும் ரெண்டு வைங்க. மெட்ராஸ்ல ஜாஸ்தி சாப்புட மாட்டாங்களோ?”

“சாப்புடுவான், சாப்புடுவான்,” என்றான் கமால். “காலேஜ்ல என் பங்கையும் சேத்து சாப்புட்டவன்தான்.”

பிறகு வட்டலாப்பம் வந்தது. முட்டையும் தேங்காய்ப்பாலும் வெல்லமுமாக நடுங்கிக்கொண்டு நின்ற அந்தப் பண்டத்தைச் சாப்பிடும்போது எனக்குப் பொறாமை கொஞ்ச நேரம் நின்றுபோனது. சாப்பிட்டு முடித்ததும் மறுபடி தொடங்கியது.

அச்சுக்கூடம் ஊருக்குத் தெற்கே, குடிகாட்டுப் பக்கம், சவுக்குத் தோப்புக்கு நடுவில். சட்டென்று தீப்பற்றும் ஸ்பிரிட்டும் டொலுவினும் வைத்துக்கொள்வதால் ஊருக்குள் இடமில்லை. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. விருந்தாளியாக வரும் மைக்காரனை வாசல் அறையிலேயே உட்கார வைத்து, காபி கொடுத்து, மழையைப் பற்றிப் பேசி அனுப்பிவிடுவது. கதவுக்கு அந்தப் பக்கம் மை அறை இருப்பதாகவே யாரும் காட்டிக்கொள்ள மாட்டார்கள். கமால் என்னை நேராக மை அறைக்கே கூட்டிப்போனான். அப்போதே எனக்குச் சந்தேகம்.

பச்சை மையைக் கட்டைவிரல் நகத்தில் ஒரு பொட்டு வைத்தேன். ஊதினேன். சுரண்டினேன். முகர்ந்தேன். அதே ரெசின். அதே ஸ்பிரிட். சொல்லப்போனால் அது என் மை. நான் கிளியைப் பறிகொடுத்த அதே மை.

“இதுல வேற என்ன போடுறே?”

“வேற ஒண்ணுமில்லடா. நீ என்னா போடுவியோ அதான்.”

பொய்யைக்கூட இவ்வளவு சாதாரணமாகச் சொல்ல அவனுக்கு வருகிறதே என்று பட்டது. எனக்கு மெய் சொல்லும்போதே வியர்க்கும்.

முற்றத்துக்கு அந்தப் பக்கம் தனியாக ஒரு தகரக் கொட்டகை. அதற்குள்ளிருந்து பம்ப் அடுப்பு எரியும் உஸ்ஸென்ற இரைச்சல். தொழிலாளிகளுக்குச் சமையல் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் தொழிற்சாலையில் காண்டீன் கேட்டு யூனியன்காரர்கள் தொண்டை கிழியக் கத்துகிறார்கள். இங்கே தோப்புக்கு நடுவில் சுடச்சுட நடக்கிறது.

“அங்கயும் ஒரு எட்டு பாத்துட்டு வந்துரலாம், வா,” என்றான் கமால்.

“இப்பத்தானே உன் வீட்டுல வெட்டினேன். வயித்துல இடமில்லை.”

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். பிறகு சிரித்தான். “சரி, அப்பறம் பாத்துக்கலாம். இந்தா, ஒரு டின்னு மை எடுத்துக்கினு போ. உங்க லேபுல வச்சிப் பாரு.”

மூன்று நாளாவது ஒளிந்து, கெஞ்சி, கைக்குட்டையில் துடைத்து எடுத்துப் போவதாகத் திட்டமிட்டு வந்தவனுக்கு முழு டின்னை நீட்டினால் என்ன செய்வது? வாங்கிக்கொண்டேன். அவமானமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை, நடராஜரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுச் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினேன். உண்மையில் கமாலின் கண் படாத ஓர் அறையில் அந்த மையைச் சோதிக்க வேண்டும். பையில் எங்கள் தொழிற்சாலைப் பாலித்தீன் சுருள் ஒன்றும் டேப்பும் இருந்தன. டின் மடியில்.

பஸ் புவனகிரி வழியாகச் சுற்றிப் போகிற பஸ். புவனகிரிக்குள் நுழைந்ததும் ரேடியேட்டர் கொதித்து நின்றுவிட்டது. டிரைவர் வெள்ளாற்றுத் தண்ணீர் கொண்டுவர ஆள் அனுப்பினார். உச்சி வெயில். ஸ்பிரிட் கலந்த மை டின்னை வெயிலில் மடியில் வைத்திருந்தால் என்ன ஆகும் என்று ரசாயனத்தில் மெடல் வாங்கியவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். டொப்பென்று மூடி எகிறியது.

என் வேட்டி பச்சை. பக்கத்துச் சீட்டின் கம்பி பச்சை. முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாளின் பித்தளைக் குடத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பச்சை.

“யோவ், என்னாய்யா இது? எம்பொண்ணு சீரு கொடம்யா. நாளைக்கி பாக்க வர்றவங்க என்னா சொல்லுவாங்க?”

துண்டால் துடைத்தேன். போகவில்லை. கண்டக்டர் வந்து நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

“தேச்சா போவாது போலக்குதே. எந்தூரு பெயிண்டு சார்? நம்ம பஸ்ஸுக்கு இந்த மாரி அடிக்க மாட்டேங்கறானுங்களே.”

அந்த அம்மாள் குடத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார். கடைசியில், “சரி உடு,” என்றார். “நாலு வூட்டுக் கொடம் கலந்துகெடக்கற எடத்துல இது நம்புளுதுன்னு அடையாளத்துக்கு ஆவும்.” இறங்கும்போது, “அவுங்க கேட்டா பினாங்கு பெயிண்டுன்னு சொல்லிக்கிறேன்,” என்றும் சொன்னார். அந்தப் பினாங்கு என்னை விடுவதாக இல்லை.

சிதம்பரத்தில் மேலவீதிப் பக்கம் ஒரு லாட்ஜில் அறை எடுத்தேன். டின்னில் கால்வாசி மிச்சம். பாலித்தீனை மேஜையில் விரித்து, கிளி என்று மனசாட்சி உள்ளவர்கள் ஒப்புக்கொள்ளக்கூடிய ஓர் உருவத்தை வரைந்து, காயவிட்டு, டேப்பை ஒட்டி உரித்தேன்.

கிளி முழுசாக டேப்போடு வந்தது, மூக்கு உட்பட.

மறுபடி செய்தேன். மறுபடி வந்தது. வேட்டியில் ஒட்டிய மை, இரும்பில் ஒட்டிய மை, ஒரு பெண்ணின் கல்யாணச் சீரில் ஆயுசுக்கும் ஒட்டிய மை, பாலித்தீனில் மட்டும் ஒட்டவில்லை. கமால் எனக்குப் போலி மையைக் கொடுத்து அனுப்பியிருக்கிறான்.

அந்த நிமிஷம் எனக்கு வந்தது கோபம் என்று எழுதினால் கௌரவமாக இருக்கும். வந்தது நிம்மதி. அவன் நல்லவன் இல்லை. முடி, கார், வட்டலாப்பம், ஊர் முழுக்கச் சலாம், இத்தனைக்கும் மேலே தாராள மனசும் இருந்துவிட்டால் எனக்கென்று உலகத்தில் என்ன மிச்சம்? இப்போது அவனும் என்னைப் போல ஒரு மைக்காரன், அவ்வளவுதான். கீழே ஓட்டலுக்குப் போய்ச் சம்பா சாதமும் கத்தரிக்காய்க் கொத்சும் கேட்டேன். அரிசித் தட்டுப்பாட்டில் எங்கும் அளந்து வைக்கும் காலம். பரிமாறியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “சாருக்கு ஏதோ நல்ல சேதி போலக்குது” என்று இன்னொரு கரண்டி போட்டார். எனக்குத் தெரிந்த மிளகும் சீரகமும் இவ்வளவு மணத்ததில்லை. பிறகு கோயிலுக்கும் போனேன். காரணமாகச் சொன்னது மெய்யாகிவிட்டது. நடராஜர் தூக்கிய காலை எனக்காகவே தூக்கியதாக அன்று தோன்றியது.

மறுநாள் காலை சிதம்பரத்திலிருந்து நேரே குடிகாட்டுத் தோப்பில் இறங்கினேன். பேசப் போவதைப் பஸ்ஸிலேயே ஒத்திகை பார்த்திருந்தேன். டேப்பில் ஒட்டியிருந்த கிளியைக் கமால் முன்னால் போட்டேன்.

“உன் மை.”

அவன் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். “நல்லாத்தான் வரைஞ்சிருக்கே. கோழியா?”

“கிளி. கமால், கொடுக்க இஷ்டமில்லேன்னா இல்லேன்னு சொல்லியிருக்கலாம்.”

“டேய், நீ ஷீட்ட நெருப்புல காட்டுனியா?”

“எந்த நெருப்பு?”

அவன் டேப்பைக் கீழே வைத்தான். பிறகு கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முற்றத்தைத் தாண்டித் தகரக் கொட்டகைக்குள் போனான்.

அங்கே சோறும் இல்லை, குழம்பும் இல்லை. நீளமான இரும்புக் குழாய் ஒன்றில் வரிசையாகத் துளை போட்டு, பம்ப் அடுப்போடு இணைத்திருந்தார்கள். துளைகளிலிருந்து நீல நாக்குகள் சீராக எரிந்தன. அவற்றின் மேலே பாலித்தீன் ஒரு உருளையிலிருந்து இன்னொரு உருளைக்கு ஓடிக்கொண்டிருந்தது. தீ அதைத் தொட்டும் தொடாமலும் விட்டது.

“இது மெழுகு மாரிடா,” என்றான் கமால். “மேல எதுவும் புடிக்காது. நெருப்பு லேசா நக்கிட்டு போச்சுன்னா மேல் தோலு மாறிடுது. அன்னன்னிக்கே அச்சடிச்சிடணும், நாள் ஆவ ஆவ பழையபடி ஆயிடும். மை எந்த மையா இருந்தா என்னா? அன்னிக்கே காட்டலாம்னுதான் கூப்புட்டேன். வயித்துல எடமில்லன்ன. ஏதோ மெட்ராஸ் ஜோக்குன்னு நெனச்சேன்.”

மைக்காரனுக்கு உலகத்தில் மை மட்டும்தான் உண்டு. ஒட்டினால் மையின் புகழ், உரிந்தால் மையின் குற்றம். அது எதன் மேல் ஒட்ட வேண்டுமோ, அந்தப் பாலித்தீனை நான் இத்தனை வருஷத்தில் ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்ததில்லை.

“எப்படிடா கண்டுபிடிச்சே?”

“நான் எங்க கண்டுபுடிச்சேன். நானும் உன்ன மாரி மையத்தான் மாத்திக்கினு கெடந்தேன். ஒருநா வெறும் சுருள ஊட்டுல அடுப்பங்கரையில போட்டுட்டேன். ஒரு ஓரம் அடுப்பு அனல்ல பட்டு லேசா நெளிஞ்சிபோச்சு. வீணாப்போச்சேன்னு மைமூன்ட்ட சண்ட போட்டுட்டு, சோதிக்கவாவது ஆவட்டும்னு அதுலயே அச்சடிச்சேன். டேப்ப உரிச்சா பாதிக் கிளி வந்துடுச்சு, பாதிக் கிளி வரல.”

கவனக்குறைவுகூட இவனுக்குப் பலிக்கிறது. என் வீட்டில் சமையலறைக்குள் நான் ஒரு குண்டூசியை வைக்க முடியாது. எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிற வீடு. அங்கே எப்படி எதுவும் கண்டுபிடிக்கப்படும்?

நானும் ஒரு துண்டை எடுத்துக் காட்டிப் பார்த்தேன். சுருங்கிச் சீடையாகிவிட்டது. இன்னொன்று. அதுவும் சீடை. கமால் என் கையைப் பிடித்து, “அவசரப்படாத, பயப்படவும் படாத, தீ மேல டார்ச் வெளிச்சத்த ஓட்றாப்ல ஓட்டு” என்று சொல்லிக் கொடுத்த பிறகு ஒன்று தேறியது. அதில் மை தடவி, காய்ந்ததும் டேப்பை உரித்தேன். மை நின்றது. இந்த உலகத்தில் என் கையால் பாலித்தீனில் நின்ற முதல் பச்சை அதுதான். சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில், அந்தக் கையைப் பிடித்து ஓட்டியது அவன் கை என்பது நினைவுக்கு வந்தது.

சாயங்காலம் ஸ்டேஷன் வரை வந்தான். மைமூன் கொடுத்தனுப்பிய பொட்டலத்தில் வட்டலாப்பம் இளஞ்சூடாக இருந்தது. ரகசியம் கிடைத்துவிட்டது. என் ஜன்னல் தப்பியது. பேசாமல் ரயில் ஏறியிருக்கலாம். ஆனால் மூன்று நாளாக வாங்கிக்கொண்டே இருந்தவனுக்கு ஒரு தடவையாவது கொடுக்கிறவனாக நின்று பார்க்க ஆசை. இவனுக்கு என்ன குறை, ஊரையும் மாளிகையையும் விட்டு இவன் எங்கே வரப்போகிறான்? கேட்டால் மறுப்பான். மறுக்கும்போது எனக்கு நன்றியும் சொல்லியாக வேண்டும்.

“எங்க மானேஜர் ஒண்ணு சொல்லச் சொன்னார்,” என்றேன் ரயிலின் ஜன்னலோரம் உட்கார்ந்தபடி. “நீ மெட்ராஸ் வந்தா லேபரட்டரிக்கே உன்னைத் தலைவராப் போடுறாராம். நீ எங்கே வரப்போறே, உனக்கு இங்கே...”

“எப்ப வரணும்?”

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். “அச்சுக்கூடம்?”

“அது மாமாவுது.”

“வீடு?”

“மைமூனுது. எங்கள்ல மாப்ள பொண்ணு ஊட்டோடதான்டா இருக்கணும்.” பிளாட்பாரத்தைக் காலால் தேய்த்தான். “காரு மாமாவுது. டிரைவரு மாமாவோட ஆளு. ஊர்ல ஒருத்தன் என்னிய பேரு சொல்லிக் கூப்புட்டு நீ கேட்டியா இந்த மூணு நாள்ல? மாப்ள, மாப்ள, மாப்ள. முடி நரச்சிடுச்சின்னா கெழட்டு மாப்ள. ஒனக்கு ஆபீசுல மேசை மேல பேரு எழுதி வச்சிருக்காங்களாமே?”

“சின்னப் பலகைதான்.”

“அது போதும்டா. உன்ன நெனச்சி எத்தினி நாளு எனக்கு வயிறு எரிஞ்சிருக்கு தெரியுமா? தானா படிச்சான், தானா போனான், தன் சம்பாத்தியத்துல நிக்கிறான்னு. மைமூன் கெளம்பிடுவா. அவளுக்கும் மெட்ராஸ் பாக்கணும்னு ரொம்ப நாளா ஆச.”

என்னைப் பார்த்து ஒருவன் பொறாமைப்பட்டிருக்கிறான். வாழ்க்கையில் முதல் தடவை. அதை அனுபவிக்க எனக்கு அந்தப் பிளாட்பாரத்தில் அரை நிமிஷம்கூடக் கிடைக்கவில்லை. கார்டு விசில் ஊதிவிட்டார். வண்டி அசைந்தது. கமால் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கூடவே நடந்தான். முகம் கல்லூரியில் புதுக் குடுவையைக் கையில் வாங்கும்போது இருந்ததைப் போல இருந்தது.

“மச்சான், ஒண்ணே ஒண்ணு. சால்வெண்ட் வாட எனக்கு உள்ளேயே உக்காந்தா ஆவாது, தலவலி வந்துரும். உங்க லேபுல ஜன்னல் பக்கமா மேச எதுனா இருக்குமா?”

இருக்கிறது என்றேன். அதில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவன் கேட்பதற்குள் வண்டி வேகம் எடுத்துவிட்டது.